கையிலிருந்து வாய்க்கு: சொத்து இருந்தும் காசில்லாத வாழ்க்கையைச் சொல்லும் ஓர் ஆங்கில வழக்கு

‘லிவிங் ஃப்ரம் ஹேண்ட் டு மௌத்’ என்னும் ஆங்கில வழக்கைச் சிங்கப்பூரில் தமிழ் பேசுகிறவர்களும் தாராளமாகப் புழங்குகிறார்கள். விலைவாசியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், காப்பிக் கடை மேசையிலும் அலுவலக மின்தூக்கியிலும் யாராவது ஒருவர் “நம்ம பாடு ஹேண்ட் டு மௌத்துதான்” என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். அப்படிச் சொல்கிறவர் துப்புரவுப் பணியில் இருப்பவராகவும் இருக்கலாம், சொந்தக் கார் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். கேட்கிறவர்களில் ஒருவர் அதை ஏழ்மை என்று புரிந்துகொள்கிறார். மற்றொருவர் ஊதாரித்தனம் என்று நினைக்கிறார். இன்னொருவர் அதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்.

இந்த வழக்குக்குத் திட்டமான பொருள் ஒன்று உண்டு. பொருளியல் அறிஞர்கள் இதை ஒரு கலைச்சொல்லாகவே எடுத்துக்கொண்டு, அளந்து பார்க்க ஓர் அளவுகோலையும் வகுத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலைச் சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றன்மீது வைத்துப் பார்த்தால், காரில் வருகிறவருடைய பெருமூச்சும் பொய்யில்லை என்று தெரியவரும்.

சொல் காட்டும் படம்

கையில் கிடைத்தது நேரே வாய்க்குப் போகிறது. இடையில் பானை இல்லை, பெட்டி இல்லை, நாளைக்கு என்று எடுத்துவைக்கும் இடமும் இல்லை. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் இந்தச் சொற்றொடர் காட்டுவது அவ்வளவுதான். அன்றாடத் தேவைக்கு மட்டும் போதுமான பணம், மிச்சம் ஏதுமில்லை என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. பொதுப் பேச்சில் அது வறுமையின் பக்கம் சாய்ந்தே ஒலிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. நம்முடைய ‘அன்றாடங்காய்ச்சி’ அதற்கு மிக நெருங்கிய உறவு. அன்று ஈட்டியதை அன்றே காய்ச்சிக் குடிப்பவன் ஏழையாகத்தான் இருப்பான் என்று பழைய உலகம் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அந்தக் காலத்தில் சேர்த்துவைக்க முடியாதவனும் ஏழையும் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருந்தார்கள்.

ஆனால் படத்தை உற்றுப் பார்த்தால், கைக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. ஒரு பிடி வந்து ஒரு பிடியும் போகலாம். ஒரு கூடை வந்து ஒரு கூடையும் போகலாம். கைக்கும் வாய்க்கும் நடுவே எதுவும் தங்கவில்லை என்பது ஒன்றே அதன் செய்தி.

அரிசி டின்

இதைச் சமையலறையில் வைத்துப் பார்க்கலாம். ஒரே மாடியில் இரண்டு வீடுகள். இரண்டிலும் மாதத்துக்குப் பத்துக் கிலோ அரிசி செலவாகிறது. முதல் வீட்டில் டின்னில் மூன்றில் ஒரு பங்கு மீதியிருக்கும்போதே அடுத்த மூட்டை வந்துவிடும். இரண்டாவது வீட்டில் கடைசிப் படி உலையில் விழுந்த பிறகுதான் யாராவது கடைக்குப் புறப்படுவார்கள். ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் வாங்கியதும் ஒன்று, உண்டதும் ஒன்று. கடைக்காரருக்கு இரு வீடுகளுக்கும் வேறுபாடு தெரியாது. திடீரென ஊரிலிருந்து நான்கு விருந்தாளிகள் வந்திறங்கும் இரவில்தான் வேறுபாடு வெளிப்படும். முதல் வீட்டில் இன்னும் இரண்டு படி கூடுதலாக உலையில் போடுவார்கள். இரண்டாவது வீட்டில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

சிங்கப்பூர் அரசாங்கம் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறது. அரிசி இறக்குமதி செய்யும் வணிகர்கள், தங்கள் மாதாந்தர இறக்குமதியைப் போல் இரண்டு மடங்கைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே நெடுங்காலமாக உள்ள விதி. நெல் விளையாத நாடு, அரிசி விஷயத்தில் கைக்கும் வாய்க்குமாக வாழ மறுக்கிறது.

டின்னில் மீதியிருக்கும் அந்த அரிசிக்குக் கையிருப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பணத்தைப் பொறுத்தவரை, அடுத்த வருமானம் வருவதற்கு முன்னால், எதையும் விற்காமலும் கடன் வாங்காமலும் எடுத்துச் செலவழிக்கக்கூடிய தொகை என்பது அதன் பொருள்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்த வழக்கு வருமானத்தின் அளவையோ செலவின் அளவையோ குறிப்பதில்லை. கையிருப்பு இல்லாத நிலையையே குறிக்கிறது.

உடன்பிறப்புகள் மூன்று

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய வழக்குகள் வேறு சில உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று மாற்றிப் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம் பெருகுகிறது.

‘லிவிங் பியாண்ட் ஒன்ஸ் மீன்ஸ்’ என்பது வரவுக்கு மீறி வாழ்வது. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு நேர் எதிரானது. இங்கே செலவு வரவைத் தாண்டுகிறது. தாண்டிய பகுதி கடனாக எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது. கைக்கும் வாய்க்குமாக வாழ்கிறவருக்குக் கடன் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அவருடைய வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கின்றன.

‘பேசெக் டு பேசெக்’ அமெரிக்கர்களுக்குப் பிடித்த வழக்கு. அங்கே பல நிறுவனங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் கொடுக்கின்றன. ஒரு சம்பளக் காசோலையிலிருந்து அடுத்த காசோலை வரையில் தாக்குப்பிடிக்கும் வாழ்க்கை என்பது அதன் பொருள். சாரத்தில் இது ‘ஹேண்ட் டு மௌத்’தின் மாதச் சம்பளக்காரர் வடிவம். ஆனால் இதைச் சொல்கிறவரைக் கேட்கிறவர்கள் உடனே ஏழை என்று நினைத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். அந்த ஏழு நாள் எப்படி நீளும் என்பது பேசெக் டு பேசெக் வாழ்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

‘மேக்கிங் எண்ட்ஸ் மீட்’ என்பது இழுத்துப் பிடித்து வரவையும் செலவையும் முட்டவைப்பது. அதில் முயற்சி தெரிகிறது. ஓரளவு பாராட்டும் இருக்கிறது. ஒரு தாய் அப்படிச் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். அதே தாயை வரவுக்கு மீறி வாழ்ந்தவர் என்று சொன்னால் அது பழிச்சொல்லாகிவிடும்.

அளந்து பார்ப்பது எப்படி

ஒருவர் கைக்கும் வாய்க்குமாக வாழ்கிறாரா என்பதை அவருடைய புலம்பலை வைத்து முடிவுசெய்ய முடியாது. பொருளியல் அறிஞர்கள் கையாளும் வழி எளிமையானது. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் ஒருவருடைய உடைமைகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வங்கிச் சேமிப்புக் கணக்கில் உள்ள தொகையையும் பணப்பையில் உள்ள நோட்டையும் போல, இன்றே எடுத்துச் செலவழிக்கக்கூடியது உடனடிப் பணம். வீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு போன்று, மதிப்பு மிகுந்திருந்தாலும் இன்றைக்கு எடுத்துச் செலவழிக்க முடியாதது அல்லது பெருஞ்செலவும் காத்திருப்பும் இன்றி எடுக்க முடியாதது பூட்டிய சொத்து. இந்த அளவீட்டில் உடனடிப் பணம் மட்டுமே கணக்கில் வரும்.

அடுத்தது எல்லைக்கோடு. மாதம் 4,000 வெள்ளி கைக்கு வாங்கும் ஒருவர் அதை ஒவ்வொரு நாளும் சீராகச் செலவழித்து, மாதக் கடைசி நாளில் துடைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அவர் கணக்கில் 4,000 இருக்கும், நடுவில் 2,000, கடைசி நாளில் ஒன்றுமில்லை. அவருடைய மாதச் சராசரி இருப்பு 2,000 வெள்ளி, அதாவது சம்பளத்தில் சரிபாதி. ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு ஒரு காசும் கடத்தாதவருடைய சராசரி அப்படித்தான் அமையும். ஆகவே, ஒருவருடைய உடனடிப் பணம் சராசரியாக ஒரு சம்பளக் காலத்து வருமானத்தின் பாதிக்கு மேல் போகவில்லை என்றால், அவரைக் கைக்கும் வாய்க்குமாக வாழ்பவர் என்று வகைப்படுத்துகிறார்கள். இத்தனை கணக்கு வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குச் சுருக்கு வழியும் உண்டு: சம்பளம் ஏறுவதற்கு முதல் நாள் இரவு வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தால் போதும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கிரெக் கப்லன், ஜியோவன்னி வயலாண்டே, ஜஸ்டின் வைட்னர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கைக்கும் வாய்க்குமாக வாழ்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அடுத்தது. அப்படி வாழும் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஏழைக் குடும்பங்களே அல்ல. வீடோ ஓய்வுக்காலச் சேமிப்போ உள்ள குடும்பங்கள். அவற்றுக்குச் சொத்திருந்தும் கைக்கும் வாய்க்குமாக வாழ்வோர் என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி உள்ளிட்ட வேறு சில நாடுகளையும் ஆராய்ந்தார்கள். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இந்த வகைக்கு எடுத்துக்காட்டு தேடுகிறவர்கள் தீவைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றின் மாதம்

ஈசூனில் நான்கறை வீடு ஒன்றில் வாழும் கற்பனைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 42, மாதச் சம்பளம் 5,000 வெள்ளி. மனைவி வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். இரண்டு பிள்ளைகள், உடன் வாழும் தாயார்.

சம்பளத்தில் 20 விழுக்காடு, அதாவது 1,000 வெள்ளி, ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பாகிய மத்திய சேமநிதிக்குப் போகிறது. முதலாளி தம் பங்குக்கு 17 விழுக்காடு, 850 வெள்ளி போடுகிறார். ஆக மாதம் 1,850 வெள்ளி அவர் பெயரில் சேர்கிறது. அதில் ஒரு வெள்ளியைக்கூட அவர் கையால் தொடுவதில்லை. அவருடைய வயதில் அந்தத் தொகையில் 1,050 வெள்ளி சாதாரணக் கணக்கில் ஏறும். வீட்டுக் கடனின் மாதத் தவணை அங்கிருந்தே கழிந்துவிடுகிறது. மீதி, ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்குக்கும் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் பிரிகிறது. வீட்டுக்கு வருவது 4,000 வெள்ளி.

சந்தைக்கும் மளிகைக்கும் 900. வெளிச் சாப்பாடு, பேருந்து, ரயில் எல்லாம் சேர்த்து 750. பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்கு 600. காப்புறுதிக்கு 400. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, நகர மன்றக் கட்டணம் ஆகியவற்றுக்கு 450. தாயாரின் மருந்துக்கும் கைச்செலவுக்கும் 400. பள்ளிச் செலவு, துணிமணி, மாதத்தில் ஒரு கல்யாண மொய் என்று 450. கூட்டினால் 3,950 வெள்ளி. மீதி ஐம்பது. இன்னொரு கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்த ஐம்பதும் உறைக்குள் போய்விடும். இந்தப் பட்டியலில் ஊதாரித்தனம் என்று விரல்விட்டுச் சுட்ட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. துணைப்பாடத்தைச் சிலர் சுட்டுவார்கள். அவர்கள் வீட்டில் தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளை இல்லை போலும்.

இனிச் சொத்தைப் பார்க்கலாம். வீட்டின் சந்தை மதிப்பில் கடன் பாக்கியைக் கழித்தால் 350,000 வெள்ளி நிற்கிறது என்று கொள்வோம். சேமநிதிக் கணக்குகளில் 150,000. இரண்டும் சேர்ந்து அரை மில்லியன் வெள்ளி. ஆனால் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் பெயர்த்து விற்க முடியாது. சேமநிதியையும் பொதுவாக 55 வயதுக்கு முன்னால் ரொக்கமாக எடுக்க முடியாது. அரை மில்லியனும் பூட்டிய சொத்து. உடனடிப் பணம், மாதக் கடைசியில் ஐம்பது வெள்ளி. அந்த மூன்று பொருளியலாளர்கள் வரைந்த படத்துக்குள் இந்தக் குடும்பம் அச்சாகப் பொருந்துகிறது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. மத்திய சேமநிதி 1955இல் தொடங்கியது. அந்தப் பணத்தை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்று 1968இல் வழி திறக்கப்பட்டது. அதன் பிறகு பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு, கைக்கு வராமலே சுவராகவும் கூரையாகவும் மாறியது. இன்று சிங்கப்பூரர் குடும்பங்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது சொந்த வீட்டில் வாழ்கின்றன. முதுமையில் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. அது தவறு என்று நான் வாதிடவில்லை. பூட்டு வலுவாக இருப்பதாலேயே வெளியே உள்ள கையிருப்பு மெலிந்துபோகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். சேமநிதி அறிக்கையில் பெரிய எண்ணைப் பார்க்கும் ஒருவர், தனக்குச் சேமிப்பு இருக்கிறது என்று நம்புவதில் பிழையில்லை. அது எந்த வகைச் சேமிப்பு என்பதில்தான் கணக்குத் தவறுகிறது.

தங்கம் எந்தப் பக்கம்?

தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது தங்கத்தை விட்டுவிட முடியாது. அது உடனடிப் பணமா, பூட்டிய சொத்தா? இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பதே சரி. நகை வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. ஆனால் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடகுக் கடை இருக்கிறது. காலையில் வளையலைக் கழற்றி முகப்பில் வைத்தால், எடை போட்டு, உரசிப் பார்த்து, மதிப்பில் ஒரு பகுதியை உடனே ரொக்கமாக எண்ணிக் கொடுத்து, அடகுச் சீட்டையும் கையில் தருவார்கள். சிங்கப்பூரில் அடகுக் கடை மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. மீட்பதற்கு ஆறு மாத அவகாசம் உண்டு.

நகை சேர்ப்பதைப் பழைய தலைமுறையின் ஆசை என்று இளையவர்கள் சிரிப்பதுண்டு. சேமநிதியும் வீடும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்ட ஒரு குடும்பத்தில், அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் பணமாகும் பொருள் பாட்டியின் கையில்தான் இருக்கிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கை இங்கே, வாய் அங்கே

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலைசெய்யும் ஊழியருடைய நிலை வேறு. புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த அவருக்குச் சேமநிதி கிடையாது. சம்பளம் வந்த அன்றே, சாப்பாட்டுக்கும் தொலைபேசிக்கும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். கை சிங்கப்பூரில் இருக்கிறது, வாய்கள் ஊரில் இருக்கின்றன. தொடக்க ஆண்டுகளில், முகவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனும் அந்த வாய்களில் ஒன்று.

சில ஆண்டுகள் போனதும் ஊரில் அவர் பெயரில் ஒரு மாடி வீடு எழும்புகிறது. அடித்தளம் ஓர் ஆண்டு, சுவர் ஓர் ஆண்டு, தளம் ஓர் ஆண்டு என்று சம்பளத்தின் வேகத்தில் அது வளரும். ஊர்க்காரர்கள் அவரை வசதியானவர் என்கிறார்கள். இங்கே தங்குவிடுதியில் அவர் அடுத்த சம்பளம் வரை நண்பரிடம் இருபது வெள்ளி கைமாற்றுக் கேட்கிறார். ஊர் சொல்வதும் இங்கே அவர் படும் பாடும் இரண்டுமே உண்மைதான். ஈசூன் குடும்பத்துக்கும் இவருக்கும் வருமானத்தில் எவ்வளவோ தூரம். சொத்தெல்லாம் சிமெண்டில் உறைந்து, கையிருப்பு இல்லாமல் நிற்கும் நிலையில் இருவரும் ஒன்றே.

இந்தப் பகுதிகளின் சாரம் இதுதான்: சொத்து இருப்பதும் கையிருப்பு இருப்பதும் வெவ்வேறு. முதலாவது பெருகிக்கொண்டே போகும் அதே காலத்தில் இரண்டாவது ஒன்றுமில்லாமல் இருக்கக்கூடும்.

ஓர் அவசரம் வந்தால்

கையிருப்பு இல்லாதது அன்றாடம் வலிப்பதில்லை. மாதா மாதம் எல்லாக் கட்டணங்களும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றன. யாரிடமும் கை நீட்டவில்லை. வலி தொடங்கும் இடத்தைக் காண, அதே குடும்பத்துக்கு ஓர் அவசரத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஊரில் ஒரு சாவு. இருவர் உடனே திருச்சிக்குப் போயாக வேண்டும். கடைசி நேரப் பயணச்சீட்டு, ஊர்ச் செலவு, காரியச் செலவு எல்லாம் சேர்ந்து 3,000 வெள்ளி. வேறு வழியில்லாததால் அது கடன் அட்டையில் ஏறுகிறது. இங்குள்ள கடன் அட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காட்டையோ அதற்குச் சற்று மேலாகவோ தொடுகிறது. 26 என்றே வைத்துக்கொண்டால், முதல் மாத வட்டி ஏறத்தாழ 65 வெள்ளி. பல வங்கிகள் கேட்கும் குறைந்தபட்சத் தொகை, பாக்கியில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, எது கூடுதலோ அது. இங்கே 90 வெள்ளி. அதைக் கட்டினால் வங்கி மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். தாமதக் கட்டணம் இல்லை. ஆனால் 90இல் 65 வட்டிக்குப் போகிறது. கடன் குறைவது 25 வெள்ளி மட்டும்.

குடும்பத்தின் மாதக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். 3,950உடன் 90ஐக் கூட்டினால் 4,040. வரவு 4,000. இந்த மாதத்திலிருந்து அவர்கள் வரவுக்கு மீறி வாழ்கிறவர்கள். அவர்கள் ஒரு பழக்கத்தையும் மாற்றவில்லை, ஒரு புதுச்சட்டைகூட வாங்கவில்லை. குறையும் நாற்பது வெள்ளியும் அட்டையிலேயே ஏறும். அடுத்த மாதம் வட்டி இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்த இடத்தை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வரவுக்கு மீறிச் செலவழிப்பதால்தான் ஒருவர் கையில் காசில்லாமல் போகிறது என்றே பொதுவாக நம்புகிறோம். பல குடும்பங்களில் நடப்பது தலைகீழ். முதலில் கையிருப்பு இல்லாத நிலை; பிறகு ஒரே ஓர் அவசரம்; அதன் பிறகுதான் செலவு வரவைத் தாண்டுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர் கடைசிக் கட்டத்தை மட்டும் கண்டு ஊதாரி என்று பெயர் வைத்துவிடுகிறார்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. ஈசூன் குடும்பத்துக் கணவருடைய சேமநிதிச் சாதாரணக் கணக்கு அவருக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி ஈட்டித் தருகிறது. அதே ஆண்டில் அவர் 3,000 வெள்ளிக்கு 26 விழுக்காடு வட்டி கட்டுகிறார். தம் சொந்தப் பணத்துக்கு வாங்கும் வட்டியைப் போல் பத்து மடங்கை அடுத்தவர் பணத்துக்குக் கொடுக்கிறார். அதே 3,000 வெள்ளியைப் பாட்டியின் வளையலை வைத்துப் பெற்றிருந்தால் மாத வட்டி 45 வெள்ளிக்குள் அடங்கியிருக்கும். உரிமம் பெற்ற கடன் நிறுவனத்திடம் போயிருந்தால் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி மாதம் 4 விழுக்காடு, அதாவது 120 வெள்ளி. தொடக்கக் கட்டணமாக 10 விழுக்காடு வரை வேறு பிடித்துக்கொள்ளலாம். உரிமம் இல்லாத கடன் முதலைகளிடம் போனால் கணக்கே கிடையாது.

வங்கி கொடுத்தால் தாங்குமா?

“வங்கியே கணக்குப் பார்த்துத்தானே கடன் கொடுத்தது” என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். சொத்துக் கடன் கொடுக்கும்போது, ஒருவருடைய எல்லாக் கடன்களின் மாதத் தவணைகளும் சேர்ந்து அவருடைய மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கான தவணைக்கு மட்டும் 30 விழுக்காடு என்ற வரம்பு தனியாக உண்டு. இவை கணக்கிடப்படுவது சேமநிதி கழிவதற்கு முந்தைய சம்பளத்தின் மேல். 5,000இல் 55 விழுக்காடு 2,750. நம் குடும்பத்தின் கைக்கு வருவதோ 4,000. தவணையில் ஒரு பகுதி சேமநிதியிலிருந்து போகலாம் என்றாலும், வரம்பு என்பது இதற்கு மேல் போகாதே என்ற தடை மட்டுமே. இதுவரை போனால் கையில் மிஞ்சும் என்ற உறுதிமொழி அதில் எங்கும் எழுதப்படவில்லை.

எவ்வளவு கையிருப்பு இருந்தால் இந்த வழக்கிலிருந்து வெளியேறியதாகக் கொள்ளலாம்? நிதிக் கல்விக்கான தேசியத் திட்டமான மணிசென்ஸ், மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை அவசர நிதியாக வைத்திருக்கச் சொல்கிறது. ஈசூன் குடும்பத்துக்கு அது 11,850 முதல் 23,700 வெள்ளி. மாதம் ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு இது மலைப்பான எண். ஆனால் 3,000 வெள்ளி மட்டும் இருந்திருந்தாலே திருச்சிப் பயணம் கடன் அட்டைக்குப் போயிருக்காது. ஆண்டு இறுதியில் வரும் கூடுதல் மாதச் சம்பளம் பல வீடுகளில் அந்த 3,000க்கான ஒரே வாய்ப்பு. அது பெரும்பாலும் விடுமுறைப் பயணமாகவோ புதிய தொலைக்காட்சியாகவோ போய்விடுகிறது.

யாரைப் பற்றி எதைச் சொல்லலாம்

இனி வழக்குக்குத் திரும்பலாம். துப்புரவுப் பணியாளரைப் பற்றி ‘ஹேண்ட் டு மௌத்’ என்றால் அகராதிப் பொருளிலும் சரி, பொருளியல் பொருளிலும் சரி. ஈசூன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னால் பொருளியல் பொருளில் சரி. பொதுப் பேச்சில் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். அங்கே ‘பேசெக் டு பேசெக்’ என்பது தர்க்கத்துக்கு இடமில்லாமல் பொருந்தும். திருச்சிப் பயணத்துக்குப் பிந்தைய மாதத்தில் அவர்களை ‘பியாண்ட் தெய்ர் மீன்ஸ்’ என்பது கணக்குப்படி உண்மை. ஆனால் அந்தச் சொல்லில் பழி கலந்திருப்பதால், கதை தெரிந்தவர் அதைச் சொல்லத் தயங்குவார். நேர்முகத் தேர்வில் சம்பளம் பேசும்போது தம்மைப் பற்றியே ‘ஹேண்ட் டு மௌத்’ என்று சொல்லிக்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது. ஆங்கிலக் காதுக்கு அது கெஞ்சலாகக் கேட்கும்.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் குறிக்க வேண்டும். சம்பளம் ஏறிய அன்றே 1,000 வெள்ளியைத் தானாக வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மாதக் கடைசியில் சம்பளக் கணக்கில் பூச்சியத்தைக் காட்டிப் புலம்பும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சரக்கறையில் இன்னொரு அரிசி டின் வைத்திருப்பவர்கள். அந்தப் பணம் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் இருந்தால் அது முழுமையான கையிருப்பு. சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் போட்டிருந்தாலும் அபராதமின்றி எடுக்கலாம். ஆனால் இந்த மாதம் விண்ணப்பித்தால் அடுத்த மாதம் இரண்டாவது வேலை நாளில்தான் பணம் கணக்குக்கு வரும். பல் மருத்துவர் கட்டணத்துக்கு அது போதும். இன்றிரவு விமானத்துக்குப் போதாது.